வெள்ளிக்கிழமைச் சூப்பு

வின்டர்தூர், சுவிஸ்,
தவக்காலம், 2013

அன்பின் மெற்றில்டாவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். என் தடிமனும் இருமலும் மாறிவிட்டன. போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

நேற்று வேலை முடிந்து, தெருமுனையிலுள்ள சின்னக் கொரியக் கடையில் பன்றியிறைச்சிச் சூப்புக் கேட்டேன். சட்டி கொதித்தபடியே வந்தது. பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டேன். அதைக் கண்ட கடைக்கார அம்மா ஓடிவந்தார். அவரும் கத்தோலிக்கராம்.

“இண்டைக்குத் தவக்கால வெள்ளிக்கிழமையெல்லோ, இறைச்சி கூடாதே, மறந்திட்டீங்களோ?” என்று டொச்சு மொழியில் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

நான் மறக்கவில்லை. குளிருக்கு அந்த மணம் இழுத்தது, தெரிந்துதான் கேட்டேன். அவர் சட்டியை எடுத்துப்போய், சோயாக்கட்டி போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். “மறந்ததை ஆண்டவர் குறை நினைக்கமாட்டார்” என்று தேற்றினார். தலை நிமிராமல் குடித்தேன். அதுவும் நல்ல ருசி. என் விசாவுக்காக நேர்த்தி வைத்து, அங்கே நீ மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாமல் இருக்கிறாய்.

சாப்பிடமுன் செபிக்கப் பழக்கியது யாரென்று கேட்டார். மனைவி என்றேன். அவரிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

யாராவது வந்தால் மிளகாய்த்தூளும் உன் பழைய செபமாலையும் கொடுத்துவிடு. அம்மாவுக்குச் சொல்லாதே. பஸ் வருகிறது.

உன்
அமலதாஸ்