சிவப்புக் குமிழ்

1936 ஏப்ரல் 5, ஞாயிறு

மன்னியுங்கள், இன்றும் வெகு நேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ரெஜி தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. "தினம் நாலு வரி எழுதி வை மர்சலின், பக்கங்கள் சேர்ந்ததும் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பு, ஏதாவது ஒரு துறைமுகத்தில் எனக்குக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாட்குறிப்பு என்றால் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. இதை உங்களுக்கு எழுதுகிறேனா எனக்கு எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று குருத்து ஞாயிறு. சாந்தோமில் பூசை முடியும்வரை உங்கள் மகள் குருத்தோலையை முன்னால் நின்றவரின் கழுத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நேற்று அறுபத்து மூவர் கூட்டம் பார்க்க மயிலாப்பூர் போனோம். அத்தைக்கு இஷ்டமில்லை, கூட்டத்தில் குழந்தைக்குக் கண் படும் என்றார்கள். குளத்துக்குப் பின்தெருவில் கடைசல் வேலை செய்கிற முருகையன் திருவிழாக் கடை போட்டிருந்தான். ரெஜி ஒரு மரச் செப்புச் சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவில்லை. குடம், அடுப்பு, அப்புறம் மூடி போட்ட ஒரு கிண்ணம் — எலுமிச்சம்பழம் அளவு, மஞ்சள் அரக்கு பூசி, மூடியின் உச்சியில் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு சிவப்புக் குமிழ். அவன் பெண்சாதி தாயம்மாதான் கடையில் இருந்தாள். "எடுத்துக்கோ கண்ணு. உங்கம்மாவுக்கு நீயே சோறாக்கிப் போடு. அவங்க கையப் பாத்தா பேனா புடிச்ச கையாக் கீது" என்றாள். சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ரெஜி அந்தக் குமிழை உள்ளே இழுத்துவிட்டாள்.

காலையில் சமையலறையில் என் காலடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று இருமல். முகம் நீலம். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன் — எவ்வளவு நேரம் தட்டினேனோ. பிறகு மூச்சு வந்தது, அழுதாள், தண்ணீர் குடித்தாள், கொஞ்ச நேரத்தில் பழையபடி விளையாடப் போனாள். கிண்ணத்து மூடி தரையில் கிடந்தது. குமிழ் இல்லை. வீடு முழுக்கப் பெருக்கிப் பார்த்தேன். இல்லை.

அத்தை ஆத்திரத்தில் செப்பு முழுவதையும் மூடியோடு அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார்கள். "வயித்துக்குள்ள போயிருக்கும். வாழைப்பழம் குடு, நாளைக்கு வெளிய வந்துடும். இதுக்கா இப்படி நடுங்குற?"

வயிற்றுக்குப் போயிருந்தால் ஏன் அப்படி இருமினாள்?

ஏப்ரல் 8, புதன்

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஒன்றும் இல்லை அம்மா. சுத்தமாக இருக்கிறது."

"மரம் இந்தப் படத்தில் தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியாது."

"அப்படியானால்?"

"ஆனால் ஒன்றும் இல்லை" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வேறென்ன செய்ய? இரும்பை விழுங்கியிருக்கக் கூடாதா என்று டிராமில் உட்கார்ந்து நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

விடிகாலையில் காய்ச்சல். மூச்சு விடும்போது சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பெரிய டாக்டர் ஷரஃபுதீன் பார்த்தார். மூச்சுக் குழாய்க்குள் கருவி விடுகிறவர் என்று சொன்னார்கள். படத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் முதுகில் குழலை வைத்து நிதானமாகக் கேட்டார். "வலது பக்கம் கீழே காற்றே போகவில்லை. நீங்கள் சொல்வது சரி" என்றார். என்னை நம்பிய முதல் ஆள். அங்கேயே அழுதுவிட்டேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் இடுக்கி விட்டு எடுக்க வேண்டுமாம். எந்த வடிவம், எவ்வளவு பருமன் என்று தெரியாமல் இடுக்கியைத் தேர்ந்தெடுக்க முடியாது. "அதே போல இன்னொன்று வேண்டும். அதே மரம், அதே அளவு. செய்தவனிடமே வாங்கி வாருங்கள். அதை வைத்துப் பழகிவிட்டுத்தான் உள்ளே போவேன்."

அடுப்பில் எரித்துவிட்டோமே! அத்தையைக் குழந்தையிடம் உட்கார வைத்துவிட்டு ரிக்‌ஷாவில் முருகையன் பட்டறைக்கு ஓடினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்ம சரக்குல குமிழ் கயண்டு வராதும்மா. மூடியும் குமிழும் ஒரே கட்டை. கொயந்தை கடிச்சி ஒடைச்சிருக்கும்."

"சரி, கடித்தே உடைத்தாள். அது மாதிரி ஒன்று செய்து கொடுங்கள்."

"செஞ்சி குட்த்தா என் சரக்குதான்னு நானே எய்திக் குட்த்த மாதிரி ஆவும். நாளைக்குப் போலீசு வந்து நிக்கும்."

கும்பிட்டேன். காலில் விழுகிறேன் என்றேன். தாயம்மா கடைசல் கட்டையைச் சுற்றுகிற கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிழாவில் அத்தனை பேசியவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் ஒரு துண்டுக் கட்டையை எடுத்தான். அவள் கயிற்றை இழுக்க, அவன் உளி பிடிக்க, கொஞ்ச நேரத்தில் சிவப்புக் குமிழ் ஒன்று என் கையில் இருந்தது. உருண்டை, அடிப்பக்கம் மட்டும் பிய்த்தெடுத்தது போல் சொரசொரப்பு. "இதான். போங்க" என்றான்.

கம்பெனிக்குத் தந்தி அடித்தேன். உங்கள் கப்பல் நடுக்கடலில் இருக்கிறதாம்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

முடியவில்லை.

டாக்டர் அந்தக் குமிழைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரப்பர்க் குழாய்க்குள் தள்ளி, காலை முழுக்க எடுத்தெடுத்துப் பழகினாராம். பிறகு ரெஜியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

திரும்பக் கொண்டு வந்தபோது உதடு கறுத்திருந்தது. இடுக்கி மூன்று தரம் வழுக்கிவிட்டதாம். இன்னும் நேரம் ஆனால் மூச்சு நின்றுவிடும் என்று நிறுத்திவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வருவது போல் வருகிறது, ஏதோ கீழே பிடித்து இழுக்கிறது. நான் தொட்டது நீங்கள் கொண்டு வந்தது போல் இல்லை. வேறு ஏதோ."

வேறு என்ன? அந்த மூடியை நான் ஒரு தரமாவது உற்றுப் பார்த்தேனா? காலேஜில் தாவர சாஸ்திரம் படித்தேன். மரத்தின் நார் எப்படித் தண்ணீரைக் குடிக்கும் என்று படம் போட்டுப் பரீட்சை எழுதினேன். இப்போது என் குழந்தைக்குள் ஒரு மரத்துண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவரே, நான் என்ன செய்யட்டும் — யாராவது சொல்லுங்களேன்!

ஏப்ரல் 11, சனி

பட்டறைக்கு மறுபடி போனேன். முருகையன் இல்லை. போலீசுக்குப் பயந்து ஆதம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டானாம். தாயம்மா மட்டும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொயந்தை கீதாம்மா?" — அதுதான் முதல் வார்த்தை.

"இருக்கிறாள். நாளைக்கு இருப்பாளா தெரியாது. டாக்டர் தொட்டது வேறு மாதிரி இருக்கிறதாம். சொல் தாயம்மா, உனக்குத் தெரியும்."

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"அது ஒரே கட்டை இல்லம்மா. எப்பவும் ஒரே கட்டைலதான் கடைவோம். இந்த வருசம் கட்டை கெடைக்கல, திருவியா அவசரம். குமிழ வேறயா கடைஞ்சி, அடியில முளை வுட்டு, மூடியில ஓட்டை போட்டு அரக்கால ஒட்டிட்டோம். ஒட்னது இந்தக் கைதான். அந்தாளு உங்களுக்குக் குட்த்தது பொய்ச் சரக்கு."

முளை. குமிழுக்கு அடியில் ஆணி போல ஒரு கட்டை. அதைத்தான் டாக்டர் அறியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அவளை அறைந்துவிட வேண்டும் போல் இருந்தது. நேற்று முன்தினம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, ஒரு வார்த்தை சொன்னாளா? பொய்யைக் கடைவதற்குக் கயிறு இழுத்துக் கொடுத்தாளே! ஆனால் கேட்டதெல்லாம், "இப்போது நிஜத்தைச் செய்து கொடுப்பாயா?"

"கடைவேன். அந்தாளு குடிச்சிட்டுப் படுத்துகினா பின்ன யாரு கடையறது? ஆனா ஒரு ஆளு கயிறு இஸ்கணும்."

வேறு யார் இருந்தார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே கட்டை. அதில் கயிறு இரண்டு சுற்று. ஒரு முனையை இழுத்தால் கட்டை அவள் பக்கம் சுற்றும், மறு முனையை இழுத்தால் திரும்பிச் சுற்றும். அவள் பக்கம் சுற்றும்போதுதான் உளி வெட்டும்; திரும்பும்போது அவள் உளியை வாங்கிக்கொள்வாள். நான் ஒரே சீராக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அதுகூட எனக்கு வரவில்லை. வெடுக்கென்று இழுத்தேன், உளி கடித்து முதல் கட்டை பிளந்தது. இரண்டாவதில் குமிழ் வந்தது, முளை ஒடிந்தது.

"சண்டைக்காரிய இஸ்கற மாதிரி இஸ்காதம்மா! தூளிக் கயித்த ஆட்ற மாதிரி. கொயந்தை பெத்தவங்கதானே?"

"பேசாமல் கடை!" என்று கத்திவிட்டேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் தூளி ஆட்டுவது போல் இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. மரத்தூள் மடியில் மாவு போல விழுந்தது. மூன்றாவது கட்டை நின்றது. அரக்குக் குச்சியை ஓடுகிற மரத்தில் அழுத்தினாள். சூட்டில் உருகிச் சிவப்பு பிடித்தது. முளைக்கு மட்டும் அரக்கு பூசவில்லை. "அந்த முளைக்கும் பூசல. ஓட்டைக்குள்ள போறது யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். அறுத்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அதை உடனே விடவில்லை.

"போலீசுக்குச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன்" என்றேன். அந்தச் சமயத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். "அரக்கு பூசின குமிழ் அப்படியே இருக்கும். பூசாத முளை ஊறி வீங்கி அடைத்திருக்கும்" என்றார். அதைத் தண்ணீரில் போட்டிருக்கிறார். குழந்தைக்குக் கொஞ்சம் பலம் வரட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். இன்னும் இரண்டு இரவு.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

மணிச் சத்தம் எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ தெரியவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

எடுத்துவிட்டார்.

முதலில் குமிழ் மட்டும் வந்ததாம், முளை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நர்ஸ் "வந்துவிட்டது" என்று சத்தம் போட்டது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. திறக்கவே இல்லை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், நான் அவர்களைத் தள்ளிவிட்டேன். டாக்டர் மறுபடி உள்ளே போய்த் துழாவி முளையையும் எடுத்த பிறகுதான் வெளியே வந்தார். "முதலில் வந்த மாதிரியை நம்பியிருந்தால் குமிழோடு முடிந்தது என்று நிறுத்தியிருப்பேன்" என்றார். இரண்டு துண்டும் ஒரு வெள்ளைத் தட்டில் கிடந்தன. சின்னது. இவ்வளவு சின்னதா?

காய்ச்சல் குறையவில்லை. பயப்படாதே என்கிறார்கள். பயப்படாமல் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

காய்ச்சல் இறங்கியது. அரை டம்ளர் பால்.

ஏப்ரல் 18, சனி

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் தாயம்மா வந்தாள். வார்டு வாசலைத் தாண்டாமல் தூணோரம் நின்றாள். அத்தை பார்த்துவிட்டார்கள். "இவள யாரு உள்ள விட்டது? பிள்ளையக் கொல்லப் பாத்தது போதாதா?"

"பாத்துட்டுப் பூடறேன் பெரியம்மா. நிக்க மாட்டேன்."

என்னைப் பார்த்து, "தூக்கட்டாம்மா?" என்றாள். ரெஜி யாரிடமும் போகிற பிள்ளைதானே, கையை நீட்டிவிட்டாள். என் கை குழந்தையை விடவில்லை. அப்புறம் விட்டது. அவள் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். வலது பக்கம். அப்புறம் இடது பக்கம்.

"சுத்தமா ஓடுதும்மா" என்றாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

போகுமுன் நான் கேட்டுவிட்டேன். கடையில் மீந்த செப்புகளிலிருந்து குமிழ்களையெல்லாம் அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாளாம். முருகையன் திரும்பி வந்து அதற்காக அடித்தானாம். கன்னம் வீங்கித்தான் இருந்தது. "வித்தது?" என்றேன். "வித்தத எங்கன்னு தேடறதும்மா?" என்றாள்.

அன்று அந்தக் கடை முன்னால் நின்ற தாய்மார்களின் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவர்கள் வீட்டிலெல்லாம் அந்தக் கிண்ணம் இருக்கிறது. பத்திரிகைக்கு எழுதினால் தெரிந்துகொள்வார்கள். இவர்கள் பிழைப்பு போகும், போலீசும் வரும். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அந்த மரத்துண்டை வாங்கினேன். அவள்மேல் கோபமும் போகவில்லை, அவள் கன்னமும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் போனதிலிருந்து இரண்டு தரம் எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

என்னால் தனியாகத் தீர்மானிக்க முடியவில்லை. இந்தப் பக்கங்களை நாளைத் தபாலில் சேர்க்கிறேன். உங்களிடமிருந்து இதுவரை ஒரு வரியும் வரவில்லை. ரெஜி சுகமாக இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும் என்று, கிடைத்தவுடனே பதில் எழுதுங்கள்.