நான் தண்ணீர் விட்ட மரத்தளம்

கான்கிரீட் சிங்கத்துக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மூக்கு நுனிக் கோபமும் சுகம்தானே?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் கிரேன் ஓட்டுகிறவர் உங்களுக்குப் போன் போட்டு, கண்ணு மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார். புது வேலையில் சேர்ந்த அன்று காலையிலேயே, பழைய பழக்கத்தில் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டேன். தளத்தை நனைக்காவிட்டால் வெடித்துவிடும் என்று திட்டித் திட்டி என்னைப் பழக்கியது யார்? ஆனால் இது மரத்தளம். இன்ஜினியரம்மா ஓடி வந்து, “அக்கா, இது மரந்தான், ஆனா இனிமே வளராதுக்கா” என்றார். அன்றிலிருந்து இங்கே என் பெயர் தோட்டக்காரி.

தீப்பெட்டியில் எல்லாம் வேலை செய்ய மாட்டேன் என்று நீங்கள் வேறு ஊருக்குக் கான்கிரீட் வேலை தேடிப் பஸ் ஏறினீர்களே, அந்தத் தீப்பெட்டி இப்போது ஐந்து மாடி. கலவை மெஷின் சத்தமே இல்லை. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஒரு சாண் கனத்துக்குச் செய்த சுவர் லாரியில் படுத்துக்கொண்டு வருகிறது, ஜன்னல் ஓட்டையோடு. கிரேன் தூக்கும்போது அந்த ஜன்னலுக்குள் கொஞ்சம் வானம் தெரியும். வானத்தையும் சேர்த்துத்தான் இறக்குகிறார்களோ என்று நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து நிற்போம். இறங்கியதும் திருகாணி. அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் சுவரில் கன்னத்தை வைத்தால் போதும், தூக்கம் வந்துவிடுகிறது. மழை விட்ட காட்டு வாசனை. நேற்று அப்படிக் கண்ணயர்ந்தபோது சுவரெல்லாம் துளிர் விட்டது. மேலே ஒரு கிளையில் நீங்கள் கொத்தனார் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இறங்கி வாங்க என்றால், மட்டம் பார்க்கிறேன், தொந்தரவு பண்ணாதே என்கிறீர்கள். கனவிலும் அதே பிடிவாதம்.

மரம் வளரும்போது காற்றிலிருக்கும் கரியை இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளுமாம். அதைச் சுவராக நிறுத்தினால், சுவர் நிற்கும்வரை கரியும் உள்ளேயே கிடக்குமாம். வெட்டிய இடத்தில் புதுக்கன்றும் வைக்கிறார்களாம். சிமெண்டுக்குக் கல்லைச் சூளையில் வேகவைத்தாலோ புகை முழுக்க மேலே போகிறது என்று இன்ஜினியரம்மா சொன்னார். நீங்கள் ஆயுசு முழுக்கக் கட்டியதை நினைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வானத்தை நேருக்கு நேர் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

முறைக்காதீர்கள். இங்கேயும் அஸ்திவாரம் கான்கிரீட்தான். மரத்தை ஈர மண்ணில் நிறுத்த முடியாதாம். பக்கத்து மனையில் அடுத்த கட்டடம் தொடங்குகிறார்கள். அஸ்திவாரத்துக்கு நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று இன்ஜினியரம்மா கேட்டார். ஒருவர் இருக்கிறார், வாய் கொஞ்சம் நீளம், மட்டம் மட்டும் தப்பாது என்றேன். சிரித்துவிட்டு, வரச்சொல்லுங்கள் என்றார். இந்த மாதத்துக்குள் நீங்கள் வரவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். இப்போதெல்லாம் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். தீப்பெட்டி என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்த மாட்டேன். மகள் ஞாபகப்படுத்துவாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் குடியுங்கள். உங்கள் பக்கத்துப் பாயை நான் இன்னும் சுருட்டி வைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தோட்டக்காரி

பின்குறிப்பு: கழித்துப் போட்ட பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நம் அறையில் அலமாரித் தட்டு அடித்தேன். உங்கள் போட்டோவை அதன்மேல் வைத்தேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் நீங்கள் பூசியது, ஆணி நிற்கவில்லை. தட்டு சரிந்து, கீழே துணி ஊறவைத்த வாளிக்குள் போட்டோ விழுந்துவிட்டது. முகம் கரைந்துவிட்டது, மீசை மட்டும் இருக்கிறது. வீட்டில் வேறு போட்டோ இல்லை.