மாதம்மாள் பெயரில் இரண்டாவது நம்பர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையின் ஒரு கம்பி வளைந்துவிட்டது, அந்தப் பக்கம் ஒழுகுகிறது. டேப்லெட்டைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தபடியே சிம் விற்பனை. வழக்கமான இடம்தான், சிப்காட் பஸ் ஸ்டாப், கம்பெனி கேட்டுக்கு எதிரே. வரிசையாக மூன்று கலரில் மூன்று குடை, மூன்று நெட்வொர்க். ஒரு ஆள் பஸ்ஸை விட்டு இறங்கினால் மூன்று பேரும் கூப்பிடுகிறோம். மீன் மார்க்கெட் தேவலாம்.

இன்று 17. புது சிம் 9, நம்பர் மாற்றாமல் எங்களிடம் வந்தது 8.

கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வந்த வருடம், பேசுவதற்குத்தான் சிம் வாங்கினார்கள். இப்போது பேச்சைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி, அவ்வளவுதான். அட்டெண்டன்ஸ் போனில், சம்பளச் சீட்டு போனில், கேன்டீன் டோக்கன் போனில். நெட் இல்லாதவருக்கு மதியச் சோறு கிடையாது. பிறகு விற்காமல் என்ன செய்யும்?

இந்த ஊரில் சிம்முக்கு வைக்கும் கைரேகை ஒரே தடவையில் மெஷினில் விழுவது அபூர்வம். கூலண்ட் ஆயிலில் ஊறிய விரல், கிரானைட் பாலிஷில் தேய்ந்த விரல், ரோஜாத் தோட்டத்து முள் கிழித்த விரல். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னால் விழும். இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

வாங்க: துவரம்பருப்பு, சீயக்காய், பாப்பாவுக்கு ஷூ லேஸ். குடைக் கம்பி (பிரகாஷ் சாரிடம் மறுபடி கேட்க).

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. ஈ மொய்க்கிறது.

மாதம்மாள் வந்தாள். அஞ்செட்டிப் பக்கம், எதிர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மார்ச்சில் என்னிடம்தான் சிம் வாங்கினாள். ஊரில் டவர் கிடையாது, ஆத்தாளிடம் பேச முடியாது, இருந்தாலும் கேன்டீன் டோக்கனுக்காக வாங்கினாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருவாள். இன்று அண்ணனோடு வந்து குடைக்கு வெளியிலேயே நின்றாள்.

கிருஷ்ணகிரி சைபர் கிரைமிலிருந்து போன் வந்ததாம். அவள் பெயரில் உள்ள ஒரு நம்பரிலிருந்து எங்கோ வடக்கே ஒரு பெரியவரைப் பேங்க் ஆபீசர் மாதிரி பேசி ஏமாற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு இருக்கிறது ஒரே நம்பரு அக்கா. இன்னொன்னு எப்படி வந்துச்சு? நீதானே ஃபாரம் போட்ட, பாத்துச் சொல்லு."

பார்க்கிறேன் என்றேன். பார்க்க வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். மார்ச்சில் அவளுக்கு முதல் தடவையே ரேகை விழுந்துவிட்டது. "சரியா விழல, இன்னொரு தடவை வைம்மா" என்றேன். சேலையில் துடைத்துவிட்டு, சாரி சொல்லிவிட்டு வைத்தாள். என்னிடம் சாரி சொன்னாள்.

அந்த இரண்டாவது ரேகையில் எடுத்த சிம் பிரகாஷ் சாரின் தோள்பைக்குள் போனது. டீம் லீடர். வாரம் ஒருமுறை பைக்கில் வந்து வாங்கிப் போவார். டார்கெட்டுக்காக மட்டும், மாதக் கடைசியில் தானாகக் கட் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார். நம்பினேன் என்று எழுத வந்தேன். பொய். நம்புவது வசதியாக இருந்தது.



ஜூன் 11, புதன்

வெயில். 6 மட்டும். யாரிடமும் இரண்டாவது தடவை விரல் கேட்கவில்லை.

பிரகாஷ் சாரிடம் கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தார். சிஸ்டத்தில் அப்படி இப்படி வரும் என்றார். அந்த சிம்களை யாரிடம் கொடுத்தீர்கள் என்றேன். சிரிப்பு நின்றது. பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"ஆக்டிவேஷன் யார் கோடுல போயிருக்குது? உங்க கோடு. வாங்கினது உங்க கை. எம் பேரு எங்கயாச்சும் இருக்குதா, தேடிப் பாருங்க. புள்ள குட்டிக்காரி, பேசாம இருங்க."

மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதை. பயம் வரும் என்று நினைத்தார் போல. பயம் வந்ததுதான், இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் அதைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. புள்ள குட்டிக்காரியாம். மாதம்மாளுக்கும்தான் ஒன்று இருக்கிறது, இரண்டு வயது.

கம்பி கேட்க மறந்துவிட்டேன். ஒழுகட்டும்.

ஜூன் 12, வியாழன்

இவர் சி ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்தார். டீ கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பயந்துபோனார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேலையை விட்டுவிடு, ஸ்டேஷன் பக்கம் மட்டும் போகாதே, நம்ம ஊரா இது, நமக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு என்ன, ஒண்ணுந் தெரியாதுன்னு சொன்னா போலீஸே விட்ருவாங்க." விடாவிட்டால் என்றேன். டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நம் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்க அரசாங்க வெப்சைட் ஒன்று உண்டு. போன் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும், லிஸ்ட் வரும். வாடிக்கையாளரிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது பிரகாஷ் சார் உத்தரவு. இன்று என்னுடையதைப் பார்த்தேன்.

மூன்று. என்னிடம் இருப்பது ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த அன்று பயிற்சி என்று பத்துப் பெண்களை உட்கார வைத்து, மெஷின் பழகட்டும் என்று எல்லோர் விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். கேலியும் கிண்டலுமாக வைத்தோம். அன்றைக்கே எங்களை விற்றுவிட்டான். இனிமேல் "சார்" கிடையாது. பிரகாஷ்.

இவரிடம் காட்டினேன். ஒவ்வொரு நம்பராக விரல் வைத்து எண்ணினார். பிறகு நாளைக்குப் பாப்பாவை நான் ஸ்கூலில் விடுகிறேன், நீ ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வா என்றார்.

ஜூன் 13, வெள்ளி

ஏழு மணி பஸ்ஸில் கிருஷ்ணகிரி. நானும் கூட வருகிறேன் என்று மாதம்மாளிடம் போனில் சொல்லியிருந்தேன். மாதம்மாள் ஜன்னலோரம், அவள் அண்ணன் பின் சீட்டில். சூளகிரி தாண்டும்வரை சும்மா வந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். உன் விரலை இரண்டாவது தடவை வாங்கியது தெரிந்துதான் என்று.

அவள் திட்டவில்லை. கன்னடத்தில் அண்ணனிடம் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து போய் முன்னால் நின்றுகொண்டார். மீதி வழி முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சரிதான். திரும்பியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

ஸ்டேஷனில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. எழுதிக் கொடுத்தேன், நான்கு பக்கம். தேதி, என் கோடு, எத்தனை பேரிடம் இரண்டாவது விரல் வாங்கினேன் (நினைவில் உள்ளவரை 60, அதற்கு மேலும் இருக்கும்), சிம் போன இடம், பிரகாஷ் நம்பர், பைக் நம்பர். எஸ்.ஐ. அம்மா இரண்டு முறை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேலயும் கேஸ் வரும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். வரட்டும். அந்தப் பிள்ளைய விட்ருங்க."

மாதம்மாளிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என்னைச் செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்து இரண்டு இளநீர் வாங்கினேன். மாதம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். காலையில் பிரகாஷ் வந்து டேப், மெஷின், டி-ஷர்ட் இரண்டு, குடை எல்லாவற்றையும் வாங்கிப் போனான். ஐடி கார்டைக் கேட்டான். ஸ்டேஷனில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்றேன். முகம் போன போக்கு!

வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி அதே இடத்தில் உட்கார்ந்தேன். அட்டையில் எழுதினேன்: உங்கள் பெயரில் எத்தனை நம்பர்? இலவசமாகப் பார்த்துத் தரப்படும். கீழே கன்னடத்திலும் தெலுங்கிலும் டீக்கடை அண்ணன் எழுதிக் கொடுத்தார். பக்கத்துக் குடைக்காரர்கள் முறைத்தார்கள். அவர்கள் பைகளிலும் என்னென்ன இருக்கிறதோ.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் கூட்டம். காவேரிப்பட்டினத்துப் பையன் ஒருவனுக்கு நான்கு. ஒடிசாக்காரர் ஒருவருக்கு மூன்று. இது என் நம்பர் இல்லை என்று எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் காட்டினேன். இருபது பேர் போல ஆனதும் வரிசையில் ஒருவர் சத்தமாகக் கேட்டார், எந்தத் திருட்டு நாய் இதைச் செய்தது என்று.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பிரகாஷ் பெயரைச் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான்.

எழுந்து நின்றேன். "இந்த ஸ்டாப்புல எங்கிட்ட சிம் வாங்குனவங்க விரல ரெண்டாவது தடவை வாங்குனது நாந்தான். டார்கெட்டுக்காக. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இப்பத் திட்டணும்னா திட்டுங்க."

திட்டினார்கள். ஒரு ஆள் அட்டையைப் பிடுங்கிக் கிழித்தான். எழுத முடியாத வார்த்தைகள். பாதிக்கு மேல் கலைந்து பஸ் ஏறிவிட்டார்கள். நான் உட்காரவில்லை.

அசெம்பிளி லைன் யூனிஃபார்மில் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"திட்டறத அப்புறமா வந்து திட்டிக்கறேன். மொதல்ல எம்பேர்ல எத்தினி இருக்குதுன்னு பாரு."

பார்த்தேன். ஐந்து.