எங்கள் கரையும் தாரணி பா.உ.வும்

ஒக்டோபர் 6, திங்கள்
புழுக்கம். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை. பனடோல் முடிந்தது. மிளகாய் அரைக்கக் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை சட்டமூலம் விவாதத்துக்கு. துறைமுகம் தொடக்கம் நிலாவெளி வரை கரை முழுவதும் ஒரு புது அதிகாரசபையின் கைக்குப் போகும். எங்கள் ஆட்கள் கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளும் அதற்குள்தான். ‘கரைவலைப் பாடுகள் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பாளாம் பேத்தி தாரணி. போன கிழமை குசினியில் இருந்துகொண்டு சொன்னது:

"முதலாம் வாசிப்பு சும்மா சபையில வைக்கிறது, அம்மம்மா. ரெண்டாவதில விவாதம். பிறகு குழுநிலையில வாசகம் வாசகமாப் பாப்பினம், திருத்தம் எல்லாம் அங்கதான். மூண்டாவதோட முடிஞ்சுது. சபாநாயகர் கையெழுத்து வைச்சால் பிறகு கோட்டுக்குப் போயும் மாத்த ஏலாது."

ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். என் மகளின் மகள் பாராளுமன்ற உறுப்பினர், பா.உ. யார் வீட்டில் இருக்கிறது?

சட்டமூலம் சபைக்கு வந்த உடனேயே உயர் நீதிமன்றம் போக ஆயத்தமானவர் அடுத்த வளவுச் சலீம் தம்பி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. வழக்காட ஓர் அப்புக்காத்தையும் பேசி வைத்திருந்தார். நான்தான் மறித்தேன். "என்ர பேத்தி உள்ளுக்கு இருக்கேக்க உங்களுக்கு என்னத்துக்குக் கோடு?" சபைக்கு வந்து இரண்டு கிழமைக்குள் வழக்குப் போட வேண்டும்; அந்தத் தவணை போய்விட்டது.

8, புதன்
பாராளுமன்றம் காட்டும் ரீவீக்கு முன்னால் சலீம் தம்பியும் வலைக்காரர் நாலைந்து பேரும். பிளேன்டீ. சீனி பற்றாமல் போய் அடுத்த வீட்டில் வாங்கியது.

"பேத்தி எந்தக் கதிரை, ராசம்மாக்கா?"
"பின் வரிசை. பச்சைச் சீலை."
"சீல தெரியிது. வாயத்தான் இன்னும் காணல்ல."

எல்லோரும் சிரிப்பு. நானும்.

சபையில் ஒருவர் போன அரசாங்கத்தைத் திட்டினார். ஒருவர் தன் ஊர்ப் பாலத்தைப் பற்றி. கரையைப் பற்றி ஒன்றும் இல்லை. பின்னேரம் எதிர்ப்பக்கக் கதிரைகள் பாதி காலி. ஆளும் கட்சிக் கொறடா தாரணியின் பின்னால் வந்து குனிந்து ஏதோ சொன்னார். இவள் தலையாட்டினாள்.

குழுநிலை. வாசகங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார்கள். எங்கள் கரையும் அந்த மூச்சுக்குள். தாரணி எழும்பவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் ‘ஆம்’ என்று ஒரு பெரிய சத்தம். ‘இல்லை’ என்பவர்களைக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. ‘ஆம்’தான் கூடுதல் என்று முடித்தாயிற்று. யாராவது எழும்பி வாக்கெடுப்புக் கேட்டால் பெயர் பெயராக எண்ண வேண்டும். ஒருத்தரும் கேட்கவில்லை.

சலீம் தம்பி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "வாறேன்க்கா" என்று போனார். என்னை ஏசிவிட்டாவது போயிருக்கலாம்.

9, வியாழன்
கால் வீக்கம். தாரணியிடம் இருந்து போன்.

"நான் ‘இல்லை’ எண்டு சொன்னனான், அம்மம்மா."
"எனக்குக் கேக்கேல்ல."
"மெல்லத்தான் சொன்னனான். கொறடா பின்னால நிண்டவர்."
"அந்த ஒரு வரி?"
"கட்சியில வேண்டாம் எண்டிட்டினம்."
"வாக்கெடுப்பாவது கேட்டிருக்கலாம் எல்லே."
"கேட்டால் என்ர பேரும் வெளியில வரும். அடுத்த முறை ஆசனம் தரமாட்டினம்."

எப்போதும் கேட்கும் ‘சாப்பிட்டியோ’வை இன்றைக்கு நான் கேட்கவில்லை. அவளே கேட்டாள், ஏன் கேக்கேல்ல என்று. "உங்களுக்கு அங்க விருந்தெல்லோ" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

11, சனி
ஒரு பாட்டம் மழை. பனடோல் வாங்கியது. கடையில் ஒரு குரல்: "பா.உ. அம்மம்மா வாறா, வழி விடுங்கோ." போன மாதம் அதையே சொன்னபோது எனக்கு மனம் எவ்வளவு குளிர்ந்தது.

சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டார். பின்னேரச் செய்தியில். சலீம் வீட்டில் ரேடியோவை நிறுத்திய சத்தம் இங்கே கேட்டது.

மீன் வரவில்லை. சனிக்கிழமைகளில் அவர்தான் அனுப்புவார். கறிக்குக் கத்தரிக்காய்.

12, ஞாயிறு
வெயில். விடியவே வலை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரசபை அறிவித்தல் ஒட்டும் வரைக்கும் இழுப்பார்களாம்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். கடலுக்கும் எனக்கும் இடையில் ரோட்டு, ஹோட்டல் மதில், சவுக்கு மரங்கள். அவர்கள் போடும் சத்தம் அவ்வளவும் கேட்டது. சலீம் தம்பியின் குரல் தனியாக.

தாரணிக்கு வாய்க்கு முன்னால் மைக் இருந்தது.