டின் கழுவின தேத்தண்ணி

சனிக்கிழமை. நத்தார்ப் பண்டிகைக்கு, யேசு பாலன் பிறப்புக்கு, இன்னும் ஐந்து நாள்.

இன்று பின்னேரம் பால் டொபி கிண்டினேன். கட்டியான இனிப்பு டின்பாலை முழுக்க வழித்துச் சட்டியில் ஊற்றிய கையோடு, பழக்கதோசத்தில், தேயிலை மட்டும் போட்ட சீனியில்லாத வெறுந்தேத்தண்ணியை அந்த டின்னுக்குள் விட்டு அலசிவிட்டேன். வருடா வருடம் அது பிள்ளைகளின் அப்பாவுக்குத்தான். துறைமுக வேலையால் வந்து, குசினி வாசலில் நின்றபடியே, சுடுகிற டின்னைத் துவாயால் பிடித்துக் குடிப்பார். "என்ன இனிப்பப்பா! சீனியே தேவையில்லை" என்பார்.

அவர் இல்லாத முதல் நத்தார் இது.

மருமகள் டின்னைக் கண்டுவிட்டு, "மாமி, இது ஆருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, முதல்தரமாக நானே குடித்தேன்.

இனிப்பே இல்லை. தகர வாசம்தான் அடித்தது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று நான் அப்படி வழிப்பேன். பிறகு டின்னில் என்ன மிஞ்சும்? இத்தனை வருடமும் அந்த மனிசன் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

டொபி நன்றாக இறுகிவிட்டது. மருமகள்தான் துண்டு போட்டாள். எனக்கு அதில் மனம் போகவில்லை.

நாளைக்கு இன்னொரு டின் உடைக்க வேண்டும். அடியில் இரண்டு கரண்டி வழிக்காமல் விட்டுவைப்பேன்.