ஏழுக்கு எவன் ஆடுவான்?

ஜூன் 11, செவ்வாய்

சென்னைக் குழுவிடமிருந்து பதில் வந்துவிட்டது! இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று நான்குக்கும் சேர்த்து நான் எழுதியதை ஆகஸ்ட் கச்சேரியில் வாசிக்கப்போகிறார்கள். ஒரே நிபந்தனை: அதற்கு முன் அது வேறெங்கும் ஒலித்திருக்கக் கூடாது. எங்கே ஒலிக்கப்போகிறது? திருத்தணியில் ஒரு பாட்டு டீச்சர் எழுதியதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்த ஏழு அடித் தாளம் எங்கிருந்து பிடித்தீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கல்லூரியில் கேட்ட ஐரோப்பிய இசையிலிருந்து என்று எழுதினேன்.

சைமன், என் வீட்டுக்காரர், நடு மெட்டைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தார். "மெட்டு சோக்காகீது யூனிஸ். ஆனா ஏழுக்கு எவன் ஆடுவான்?" ஆடுவதற்கா எழுதினேன்? லைட் மியூசிக்காரரைக் கட்டிக்கொண்டால் எல்லாமே ஆட்டம்தான்.

ஜூன் 18, செவ்வாய்

செல்லோ பகுதியைத் திருத்தினேன். கை வலி. சந்தோஷம்.

ஜூன் 24, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் தேவிப்பிரியா டீச்சர் போனை நீட்டினாள். "உங்க வூட்டுக்காரர் ட்ரூப்பு வீடியோ டீச்சர், செமயா ஓடிகினு கீது." கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண் வருகிறாள், தோழிகள் ஆடுகிறார்கள். கீபோர்டில் — என் மெட்டு! எட்டாக நீட்டி, கடைசியில் ஒரு 'டம்' ஒட்டி.

அடுத்த வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

அதே நாள், சாயங்காலம்

கேட்டேன். "பொண்ணு வர்ற நேரம், சட்டுனு அதான் கைல வந்துது" என்கிறார் சைமன். கைல வந்துதாம்! யார் மெட்டு, யாரைக் கேட்டு? இந்த மனுஷனுக்கு நான் இன்னா குறை வெச்சேன்? "அதுல உன் பேரே இல்ல, தாளமும் மாறிடுச்சு. மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? சும்மா இரு." இதுதான் அவர் சமாதானம். சோறு வடித்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூன் 27, வியாழன்

சொல்லவா, வேண்டாமா? வாயை மூடிக்கொண்டால் கச்சேரி உண்டு. ஆனால் நடுவில் ஒருத்தர் எழுந்து "இது அந்தக் கல்யாண மெட்டாச்சே" என்றால்?

இன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவிலும் கேட்டேன். அந்த ஒட்டுப்போட்ட அடி, சோற்றில் கல் மாதிரி கடிபடுகிறது.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனையில் இவர் ஆர்கன் வாசித்தார், நான் பாடகர் வரிசையில் நின்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சென்னைக்கு எழுதி, வீடியோவையும் அனுப்பிவிட்டேன். "உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே" என்றார். போட்டது நானா?

ஜூலை 5, வெள்ளி

கச்சேரியிலிருந்து என்னுடையதை நீக்கிவிட்டார்கள். நேர்மைக்கு நன்றியாம். தாள்களை பீரோ மேல் எறிந்தேன். அழுதேன், நன்றாகவே அழுதேன்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் இப்போது கல்யாணங்களில் அதை வாசிப்பதில்லை. கேட்பவர்களிடம் மறந்துபோச்சு என்கிறாராம். தேவிப்பிரியா சொன்னாள்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. சின்ன வயதில், கிருத்திகையன்று காவடி மேளம் வீட்டுக்குள் கேட்கக் கூடாதென்று எங்கள் அப்பா தெரு ஜன்னலைச் சாத்திவிடுவார். அந்தப் பழக்கத்தில் நானும் இன்று சாத்தினேன். பால் வாங்கப் போன இடத்தில் நாங்கள் இருவரும் காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பம்பை, கூடவே நாதஸ்வரம். அதில் வந்தது என் மெட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த 'டம்'முக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழு! காவடிகள் எல்லாம் ஏழுக்கு ஆடிக்கொண்டே மலைப்படிக்குப் போகின்றன.

இவர் கூட்டத்தில் நுழைந்து, மூச்சு வாங்க நின்ற பம்பைக்காரர் கண்ணையனைக் கேட்டார். "போன்ல கேட்டதுதாங்க. எங்க காவடி நடைக்கு ஒரு அடி ஜாஸ்தியா இருந்துது, எடுத்துட்டோம்" என்றார் அவர்.

வழியெல்லாம் இவர் விரல் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து தாள்களை எடுத்துத் தூசி தட்டினார்.

"தப்பு என்னுதுதான் யூனிஸ். வயலின எடு. ஏழுலயே வாசிக்கலாம்."

ஜூலை 30, செவ்வாய்

பால் வாங்க மறந்தே போனோம். வரக்காப்பிதான். இவருக்கு ஏழு இன்னும் தடுமாறுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுகிறேன்.

சென்னைக்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஏழு ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. அப்பா ஜன்னலைத்தான் சாத்தினார், சத்தத்தை யார் சாத்த முடியும்?