வடக்கே திரும்பினால் விழுந்த முள்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எதையும் தொடங்க எனக்கு இன்றும் வராது. உங்களுக்குச் சொல்ல நினைப்பவை இவை:

1. படகின் வேகமானியில் இருந்த கோளாறு.
2. அதை நான் தேடிய முறை.
3. அன்று நான் வாய் திறந்திருந்தாலும் உங்களுக்கு வேலை நிரந்தரமாகியிருக்காது என்பது.

இன்று காலை ஃபியூஸ் கம்பிக்காகத் தையல் மெஷின் இழுப்பறையைத் துழாவியபோது அந்தப் பித்தளைச் சக்கரம் கையில் தட்டுப்பட்டது. ஒரு ரூபாய் நாணய அகலம், நான்கு சிறகுகள், காய்ந்து கறுத்த பாசி. ஊசியொன்றில் கோத்து ஊதினேன். கொஞ்சமும் தயங்காமல் சுற்றியது. ஃபியூஸ் போடாமலே இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த நாளில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். இருவருக்கும் ஒரே வயது. ஆனால் நான் டிப்ளமோ படித்து வெளியூரிலிருந்து வந்தவன், நிலக்கரிச் சுரங்கத்தின் கருவிப் பட்டறையில் பர்மனென்ட். நீங்கள் அதே பட்டறையில் கான்ட்ராக்ட் உதவியாள். உங்கள் வீட்டார் கூலிக்கு உழுத நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. நிலம் பிறருடையது என்பதால் உங்களுக்கென்று நஷ்டஈடோ வேலையோ வரவில்லை. அந்தக் கான்ட்ராக்டும் சில மாதங்களில் முடிய இருந்தது.

நம் பட்டறை அதிகாரியிடம் ஒரு சிறிய பாய்மரப் படகு இருந்தது. ஊர் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போனது. சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் போய்ச் சேரும் ஏரியில் அதை ஞாயிறுதோறும் ஓட்டுவார். படகின் அடியில், வலப்பக்கமாக, இந்தச் சக்கரம். தண்ணீர் இதைச் சுற்றும். அந்தச் சுழற்சி ஒரு கம்பிவடம் வழியாக மேலே வந்து, எண் போட்ட வேகமானி முகப்பில் உள்ள முள்ளை நகர்த்தும். முள் சில நேரம் எழுந்தது, சில நேரம் செத்துக் கிடந்தது.

"ரெண்டு பேரும் பாத்து சரி பண்ணுங்க," என்றார் அதிகாரி. உங்களைப் பார்த்து, "பர்மனென்ட் லிஸ்ட்ல ஒரு இடம் இருக்கு. ஒன் பேர எழுத எனக்கும் ஒரு காரணம் வேணும்ல?" என்றார்.

ஏரிக்கு சைக்கிளில் போகும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "தண்ணியில போற படகுக்கு ஸ்பீடு எதுக்கு சார்? போலீசு புடிக்கப் போறானா?"

நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: முதலில் சக்கரம், பிறகு வடம், கடைசியில் முகப்பு. சக்கரத்தில் பாசி எடுத்தோம். வடத்துக்கு எண்ணெய் விட்டு, கை டிரில்லால் சுற்றிப் பார்த்தோம். முள் அழகாக எழுந்தது. படகில் ஏறினோம். அதிகாரியைப் பார்த்தே பாய் பிடிக்கப் பழகியிருந்தீர்கள். பிற்பகல், கிழக்குக் காற்று. தெற்கே போகையில் முள் எழுந்து நின்றது. வடக்கே திரும்பியதும் விழுந்தது. நான்கு முறை போய் வந்தோம், நான்கு முறையும் அப்படியே.

"சார், இது மிஷின் கோளாறு இல்லீங்க," என்றீர்கள். "வடக்க வரசொல்ல படகு எடது பக்கமா சாஞ்சிகினு வருது. வலது பக்கத்துச் சக்கரம் தண்ணிய வுட்டு மேல வந்துடுது. நடுவுல மாட்டுனா சரியாப்பூடும்."

என் நோட்டில் சாய்வு என்று ஒரு வரி இல்லை. சக்கரமும் வடமும் சரியென்றால் மீதி இருப்பது முகப்புதான் என்றேன்.

"வண்டி சாஞ்சா மாட்டுக் கழுத்து மணியவா கழட்டிப் பாப்பாங்க? தொறக்காதீங்க சார்."

கரையில் உட்கார்ந்து முகப்பைத் திறந்தேன். முள்ளை இழுத்துப் பிடிக்கும் மயிரிழை போன்ற சுருள்வில் என் விரலில் பட்டு அறுந்தது. அந்நேரம் அதிகாரியின் ஜீப் வந்தது. திருகாணிகளை மணலில் விழாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம்தான் கொடுத்திருந்தேன். ஸ்குரூ டிரைவரும் உங்கள் கையில் இருந்தது.

"யாரக் கேட்டுத் தொறந்த?" என்று உங்களைத்தான் கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியாம ஆயிடுச்சுங்க," என்றீர்கள்.

திரும்பும் வழியில் சுரங்க நகரியத்து விளக்குகள் தெரிந்தன. அப்போது, கோபமே இல்லாமல், "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்," என்றீர்கள். நான் வேகமாக மிதித்தேன்.

கான்ட்ராக்ட் முடிந்து நீங்கள் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு இறக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. நான் ஒருமுறையும் உங்களைப் பார்க்க வரவில்லை. பல வருஷம் கழித்து, பஸ் நிலையத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "அவுரு தவறிப்போயி ஏழெட்டு மாசம் ஆவுதுங்களே. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நீங்கள் இன்னும் பட்டறையில் இருந்தபோதே, அடுத்த மாதம், புது முகப்பு வந்தது. அதிகாரியும் நானும் படகில் போனோம். தெற்கே எழுந்தது. வடக்கே விழுந்தது. அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"சக்கரத்த நடுவுல மாட்டிப் பாக்கலாம் சார்," என்றேன். "படகு சாயுறதுனால இருக்கலாம்."

மாட்டினோம். இரண்டு பக்கமும் முள் நின்றது.

"பரவால்லையே! எப்படிப் பிடிச்சீங்க?" என்றவர் சற்று யோசித்துவிட்டு, "அந்த ஆளு அன்னிக்கு இதப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? சொல்லியிருந்தா சொல்லுங்க. லிஸ்ட் இன்னும் என் மேசையிலதான் கெடக்கு," என்றார்.

"இல்ல சார்," என்றேன்.

பின்னொரு நாள் புதுச் சக்கரம் போட்டபோது கழற்றிய பழையதை ஏன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை. எத்தனையோ குவார்ட்டர்ஸ் மாறியும் அது கூடவே வந்திருக்கிறது. மேலே போட்ட வரிசையில் முதல் இரண்டையும் எழுதும்போது எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்றாவதைப் பல வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். அது தவறு. அதிகாரியே கேட்டார். இடமும் காலியாக இருந்தது. நான் சொல்லியிருந்தால் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும்.